நீலம் கொஞ்சம் தூக்கல்

"ஒரே போட்டோவ எதுக்குக் கண்ணு ரெண்டு தடவ போட்டு வெச்சிருக்கற?" என்று என் கணவர் கேட்டார்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படங்கள். இரண்டும் எங்கள் கல்யாணப் படம்தான். இடது பக்கத்தில் நான் நல்ல சிவப்புக் கூறைப்பட்டில் நிற்கிறேன். பின்னால் கோயில் வேலியோரம் பச்சைப்பசேல் என்று சில்வர் ஓக் மரங்கள். வலது பக்கத்திலும் அதே நான், அதே மரங்கள். ஆனால் சேலை ஊறப்போட்ட புளியின் நிறத்தில் இருந்தது. மரங்களும் ஏறக்குறைய அதே நிறம்தான். எங்கே நான் முடிகிறேன், எங்கே மரம் ஆரம்பிக்கிறது என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. வானம் மட்டும் இரண்டிலும் ஒரே நீலம்.

"நல்லாப் பாருங்கப்பா. ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லீங்களா?"

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டப் போனார். பிறகு இரண்டடி பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"வலது பக்கத்துல உங்கம்மா கொஞ்சம் கோவமா இருக்கறாப்புலத் தெரியுது. மத்தபடி ஒண்ணுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷமாக இவரோடு வாழ்கிறேன். இவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் இவர் கண்ணுக்குள் நான் எந்த நிறத்தில் நின்றுகொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். புளி நிறத்தில் நின்றிருக்கிறேன்.

மகள் கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். போனில் வரும் ஆப்களுக்குத் திரை வரைவது அவள் வேலை. நிறம் பிரித்துத் தெரியாதவர்களுக்கு அந்தத் திரை எப்படித் தெரியும் என்று சோதித்த பிறகுதான் வெளியே விடுவார்களாம். அதற்கென்று இருக்கும் மென்பொருளில் ஒரு படத்தைப் போட்டால், அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாற்றிக் கொடுத்துவிடும். எனக்குக் கண் ஆபரேஷன் என்று கடையைப் பார்த்துக்கொள்ள லீவில் வந்தவள், ஆபரேஷனுக்கு முந்தின நாளே அதை அப்பாவிடமே சோதித்துப் பார்த்துவிட்டாள். இவருக்கு இரண்டு படமும் ஒன்றாகத் தெரிந்ததால், மென்பொருள் பாஸ்.

"அப்ப கல்யாணத்தன்னிக்குச் சேலை நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களே, எதப் பாத்துச் சொன்னீங்க?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

"சேலையவா பாத்தேன்?" என்றார் அவர்.

மகள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கீபோர்டில் எதையோ தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் போட்டோ ஸ்டூடியோ ஏற்காட்டில், ஒண்டிக்கடை என்கிற முச்சந்தியில் இருக்கிறது. போட்டோக்காரருக்குச் சிவப்பு பச்சை தெரியாது என்றால் யார் படம் எடுக்க வருவார்கள்? கண் தெரியாதவன் கடை என்று சிரித்துவிட்டு அடுத்த ஸ்டூடியோவுக்குப் போய்விடுவார்கள். இந்த ஒரு பயத்தில்தான் இருபத்தெட்டு வருஷமாக அந்த ரகசியத்தை அடைகாத்தேன். எனக்கு நாக்கு நீளம், கோபமும் சட்டென்று வரும். ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் அம்மியைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டவள் மாதிரி இருந்தேன்.

எனக்கே இது தெரியவந்தது கல்யாணமாகி வந்த முதல் காப்பிப் பறிப்பின்போது. தலைச்சோலையில் என் அப்பாவுக்குக் கொஞ்சம் காப்பித்தோட்டம் உண்டு. பழம் பறிக்கும் நாளில் புது மாப்பிள்ளையாக இருந்தாலும் இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். சிவந்த பழத்தை மட்டும்தான் பறிக்க வேண்டும். பச்சையைச் செடியிலேயே விட்டுவிட்டால் அடுத்த சுற்றுக்குப் பழுத்துவிடும். சாயங்காலம் எடை போடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் கூடையைச் சாக்கில் கொட்டி, தப்பி வந்த பச்சையைப் பொறுக்கித் தள்ள வேண்டும். அதனால் யார் கையில் எவ்வளவு பச்சை வந்திருக்கிறது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். நல்ல கைக்காரி கூடையில் பத்துப் பதினைந்து பச்சை இருக்கும்.

இவர் கொட்டினார். பாதிக்குப் பாதி பச்சை.

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் பொறுக்குவதை நிறுத்திவிட்டார்கள். "ஏனுங்க மாப்ள, மரத்தையே உருவிக்கிட்டு வந்துட்டீங்களாட்டம் இருக்குது!" என்று ஒருத்தி ஆரம்பித்ததும் சிரிப்பு கிளம்பியது. அப்பா தராசுப் பக்கம் போய்விட்டார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. பழம் அரைக்கிற பல்ப்பர் கொட்டகைக்குப் பின்னால் இவரைக் கூட்டிப்போய், "வேலை செய்யப் பிடிக்கலைன்னா ஊட்லயே இருந்திருக்கலாமுங்களே, இப்படி மானத்த வாங்கோணுமா?" என்று பொரிந்து தள்ளினேன். இவர் கூடையின் விளிம்பைத் தடவிக்கொண்டே, "எனக்கு ரெண்டும் ஒண்ணாட்டத்தான் தெரியுது. அமுக்கிப் பாத்துத்தான் பறிச்சேன். சீக்கிரம் சீக்கிரம்னு சொன்னாங்க, அமுக்க நேரமில்ல" என்றார்.

அங்கேயே முடிவு பண்ணினேன். அப்பாவிடம் போய், அவர் நினைப்பெல்லாம் என் மேலேயே இருந்ததால் கை எதைப் பறிக்கிறது என்று பார்க்கவில்லை என்று ஒரு போடு போட்டேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அப்பாவுக்கோ முகமெல்லாம் பல். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். கண் தெரியாதவன் என்ற பேரைவிடப் பெண்டாட்டிக் கிறுக்கன் என்ற பேர் எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபிலிம் காலத்தில் தொந்தரவே இல்லை. இவர் எடுப்பார், ரோல் பஸ்ஸில் சேலம் லேபுக்குப் போகும், நிறம் அவர்கள் பாடு. எங்கே வெளிச்சம் விழுகிறது, யார் எப்போது சிரிக்கப்போகிறார்கள் என்பதெல்லாம் இவருக்கு அத்துப்படி. உம்மணாமூஞ்சி மாமனார்கூட இவர் கேமராவுக்கு முன்னால் பல்லைக் காட்டிவிடுவார். பிறகுதான் கம்ப்யூட்டர் வந்தது. நிறத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எங்கள் கைக்கே வந்துசேர்ந்தது. முதல் மாதமே இவர் ஒரு கல்யாண வீட்டார் மொத்தப் பேரின் முகத்தையும் அவரைக்காய் நிறத்துக்குக் கொண்டுவந்து, பிரிண்ட் போட்டு, அழகாக அடுக்கி வைத்திருந்தார். நல்ல வேளையாக அவர்கள் வருவதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன்.

அன்றைக்குச் சட்டம் போட்டேன். படம் எடுப்பது அவர், நிறம் பார்ப்பது நான். கடைக்குள் நிறத்தைப் பற்றி அவர் வாயே திறக்கக் கூடாது. பின்னால் என்ன கலர் துணி தொங்கவிடலாம், ஆல்பம் அட்டை என்ன கலரில் இருக்கலாம் என்று யார் எதைக் கேட்டாலும், "அம்மாவக் கேளுங்க" என்ற இரண்டு வார்த்தைதான். அப்படியே கடைப்பிடித்தார். கொஞ்ச நாளில் அவருக்குப் பொண்டாட்டிதாசன் என்று பேராகிவிட்டது. டீக்கடையில், "ஏனுங்க, பால் ஊத்தலாமுங்களா, இல்ல ஊட்ல கேட்டுட்டு வர்றீங்களா?" என்பார்கள். இவர் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு டீயைக் குடிப்பார். ஒரு நாள்கூட என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டதில்லை.

இனி என் கண் கதை.

ஏற்காட்டில் இருப்பவளுக்குக் கண்ணில் புரை வந்தால் சட்டென்று தெரியாது. எல்லாம் மங்கலாகத் தெரிகிறதா, பனி என்று நினைத்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் இரண்டு மூன்று வருஷத்தை ஓட்டினேன். போன மே மாதம், டூரிஸ்ட் கூட்டம் நெரியும் உச்சி வெயிலில், கடை வாசலில் நின்றுகொண்டு, "இன்னிக்குப் பனி நொம்ப ஜாஸ்தி" என்று சொன்னேன். இவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுநாளே பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். சர்க்கரை இருப்பதால் சீக்கிரமே வந்துவிட்டது, இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது, முதலில் வலது, சில வாரம் கழித்து இடது என்று டாக்டர் சொன்னார்.

வலது கண்ணின் கட்டை அவிழ்த்த காலையை நான் மறக்க மாட்டேன். எதிர்ச் சுவர் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. நர்ஸ் கவுன் வெள்ளை. பக்கத்துக் கட்டில் விரிப்பு வெள்ளை. இவர் பளிச்சென்று நின்றுகொண்டிருந்தார்.

"புதுச் சட்டைங்களா?"

"போன வருசம் பொறந்தநாளைக்கு நீ எடுத்துக் குடுத்தது."

"அது சந்தனக் கலருங்களே!"

"சந்தனமா? வெள்ளச் சட்டை இது" என்றார் அவர். சொல்லிவிட்டு, நிறத்தைப் பற்றிப் பேசிவிட்டோமே என்று நினைத்தாரோ என்னவோ, சட்டென்று மாத்திரைச் சீட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

இடது கண்ணை மூடிவிட்டு வலதால் பார்த்தால் சட்டை வெள்ளை. வலதை மூடிவிட்டு இடதால் பார்த்தால் டீத்தண்ணி. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், இருபது கொண்டை ஊசி வளைவிலும், கொடுத்திருந்த கறுப்புக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வானம் நீலம், வானம் டீ. குரங்கு சாம்பல், குரங்கு டீ. டாக்டருக்குத் தெரிந்தால் திட்டியிருப்பார். இந்த வயதில் கண்ணடித்துக்கொண்டு வருகிறாளே என்று கண்டக்டர் என் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு வாரம் கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எட்டாம் நாள் காலையில் கடைக்குப் போனேன். கதவுக்கு எதிர்ச் சுவரில் எங்கள் நல்ல படங்களை மாட்டி வைத்திருப்போம். அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். மேல் வரிசையில் இருந்த பழைய படங்கள் சரியாக இருந்தன. கீழே வர வர நீலம் ஏறிக்கொண்டே வந்தது. கடைசி வரிசையில் மாப்பிள்ளை, பெண், மாமன், மச்சான் எல்லோரும் டிசம்பர் மாத ஏரியில் முங்கி எழுந்து நடுங்குகிறவர்களாகத் தெரிந்தார்கள்.

"என்ன பண்ணி வெச்சிருக்கற நீ?" என்று மகளைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஒண்ணுமே பண்லீங்கம்மா. இதெல்லாம் நீங்க பண்ணுனது. நான் வர்றதுக்கு முன்னாடியே மாட்டியிருந்துச்சு."

பிரிண்டர் மேல் பழி போட்டேன். மை சரியில்லை என்றேன். மகள் பொறுமையாக ஒரு வேலை செய்தாள். ஒரு வெள்ளைச் சேலைப் படத்தைத் திரையில் இரண்டாகப் போட்டாள். ஒன்றைத் தொடாமல் விட்டுவிட்டு, இன்னொன்றில் மஞ்சளும் பழுப்பும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். தொடாத படத்தை நான் புரைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஏற்றிய படத்தை நல்ல கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் தெரிகிறபோது நிறுத்தச் சொல்ல வேண்டும். "இன்னும் கொஞ்சம்... இன்னும்... ஆ, போதும்" என்றேன். நிறுத்திய இடத்தில் வெள்ளைச் சேலை வடித்த டீ மாதிரி இருந்தது.

"இதுதானுங்கம்மா உங்க கண்ணு. உங்களுக்கு எல்லாம் மஞ்சளாத் தெரிஞ்சிருக்குது. அதச் சரி பண்றதா நெனச்சு, ஒவ்வொரு படத்துலயும் நீலத்த அள்ளிக் கொட்டியிருக்கறீங்க. புரை கொஞ்சங் கொஞ்சமா வந்துச்சு, நீலமும் கொஞ்சங் கொஞ்சமா ஏறிக்கிச்சு."

அந்த நேரம் பார்த்து இவர் உள்ளே வந்தார். மகளுக்கு விளையாட்டுப் புத்தி. "அப்பா, இங்க பாருங்க. இதுவும் ஒரே போட்டோதானுங்களே?" என்றாள்.

கண்ணாடிகூடப் போடாமல் வாசலிலிருந்தே சொன்னார். "எது ஒண்ணு? இந்தப் பக்கம் மஞ்சளாக் கெடக்குது. டீத்தண்ணியில முக்கி எடுத்தாப்புல."

நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மகள் மெதுவாகச் சுவரைக் காட்டி, "அந்தக் கடைசி வரிசை உங்களுக்கு எப்படித் தெரியுதுங்கப்பா?" என்று கேட்டாள்.

இவர் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பதில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பிள்ளை மாதிரி நின்றார். "நீலமா இருக்குது" என்றார்.

"எப்பருந்துங்க தெரியும்?"

"ரெண்டு மூணு வருசமாத் தெரியும்."

எனக்கு வந்ததே கோபம். "ஏனுங்க, ரெண்டு வருசமாப் பாத்துக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தீங்களா? கடை மானம் போறது தெரியலைங்களா?"

"கலரப் பத்தி நான் பேசக்கூடாதுன்னு நீதான சொல்லியிருக்கற" என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டே, "நீ சரின்னு சொல்லிப் பிரிண்டு போடற. அப்ப என்ற கண்ணுதான் நீலத்துலயும் கெட்டுப்போச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. நல்ல கண்ணை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் இரண்டு வருஷமாக, தனக்கு இன்னொரு நிறமும் போய்விட்டது என்று யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். அப்பாவுக்குச் சிவப்பு, பச்சை மட்டும்தான் குழப்பம், நீலமும் மஞ்சளும் எல்லாரையும்போல நன்றாகவே தெரியும் என்று மகள் விளக்கினாள். இவர் அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

ஆனால் தலைக்கு மேல் வேறொரு வெள்ளம் நின்றது. கரடியூரில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவரின் மகள் கல்யாண ஆல்பம். ஆபரேஷனுக்கு முன்னால் நானே நிறம் பார்த்து, பிரிண்ட் போட்டு, பைண்டிங்கும் முடித்து அலமாரியில் வைத்திருந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வாங்கிக்கொள்ள வருகிறார்கள். திறந்து பார்த்தேன். கோயிலுக்குள் வெள்ளைச் சேலையில் பெண் நிற்கும் படம், நீலம் அதிகமாகப் போட்டு அலசிய வேட்டி மாதிரி இருந்தது. ரைட்டர் சாமானியப்பட்ட ஆள் இல்லை. எடைத் தராசு முள் இம்மி நகர்ந்தாலும் கண்டுபிடிக்கிறவர். எப்படி நீலமானது என்று அவர் கேட்டால் என் புரையைச் சொல்ல வேண்டும். போட்டோக்காரர் வீட்டில் இருக்கும்போது நீங்கள் ஏன் நிறம் பார்த்தீர்கள் என்று கேட்டால், இருபத்தெட்டு வருஷத்து ரகசியத்தைச் சொல்ல வேண்டும். பனி எஃபெக்ட், இப்போது இதுதான் ஃபேஷன் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

ரைட்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மா ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகச் சிரித்துக்கொண்டே திருப்பினார். ரைட்டர் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். நாலாவது பக்கத்தில் கண்ணைக் கசக்கினார். ஐந்தாவது பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏனுங்க, கொஞ்சம் நீலமா இருக்குதுங்களா? இல்ல என்ற கண்ணுதானுங்களா?" என்று என் கணவரிடம் கேட்டார்.

"அம்மாவக் கேளுங்க" என்றார் இவர், வழக்கம்போல.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பனி எஃபெக்ட் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. உங்கள் கண்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனுஷன் நம்பிக்கொண்டு போய்விடுவார். ஆனால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் எனக்கு நேற்றைக்கு என் கணவர் நின்ற நிலைதான் தெரிந்தது. இன்னொருத்தரையும் அவர் கண்ணைச் சந்தேகப்படவிட எனக்கு மனசு வரவில்லை.

"என்னக் கேக்காதீங்க. அவரையே கேளுங்க. நீலத்தப் பத்திச் சொல்ல இந்தக் கடையில அவர விட்டா ஆள் இல்லைங்க" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். நான் கேலி செய்கிறேனா என்று பார்த்தார். பிறகு ஆல்பத்தின் மேல் குனிந்து ஒரு விரலை வைத்தார்.

"நீலம் கொஞ்சம் தூக்கலுங்க" என்றார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "இதுல நொம்பத் தூக்கல். இங்க பாருங்க, இந்தச் சுவரு வெள்ளைங்க, இப்படியா இருந்துச்சு? இதுல பரவால்ல. மேடையில போட்டிருந்த அந்த மஞ்சத் துணிக்கு உசுரே இல்லைங்க." பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டே போனார். நிறத்தைப் பற்றி அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. கேட்கக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மிச்சத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். இவருக்குச் சிவப்பு பச்சை தெரியாது, அதனால் நிறமெல்லாம் நான் பார்த்தேன், என் கண்ணில் புரை விழுந்துவிட்டது, தப்பு முழுக்க என்னுடையது, ஆல்பத்தைத் திரும்பச் செய்து தருகிறோம் என்று சொல்லிவிட்டு, இனி இந்தக் கடையை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று நின்றேன்.

ரைட்டரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அக்கா, அவருக்குச் செவப்பு தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? அன்னைக்குத் தலைச்சோலையில உங்கப்பா தோட்டத்துல அவரு கூடையக் கொட்டுனாரே, பக்கத்துச் சாக்குல பொறுக்கிக்கிட்டு இருந்தவளே நாந்தானுங்க. என்ற அண்ணனுக்கும் அதே கண்ணுதான். அவனும் இப்படித்தான் பாதிக்குப் பாதி பறிப்பான். கொட்டுனதுமே கண்டுபிடிச்சுட்டேன். அன்னைக்கு அங்க இருந்த அத்தன பேருக்கும் சொல்லிட்டேன்."

"அத்தன பேருக்குமா?"

"மலைக்கே தெரியுமுங்க" என்றார் ரைட்டர்.

"தெரிஞ்சுதான் எங்க கடைக்கு வந்துக்கிட்டு இருந்தீங்களா?"

"போட்டோவுல மூஞ்சி நல்லா இருக்கோணுமுங்க. அது இவரு எடுத்தாத்தான் வருது" என்றார் அந்த அம்மா. "சேலை என்ன கலருன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா அக்கா? நாங்கதான கட்டியிருந்தோம்."

என் கணவர் ஆல்பத்திலிருந்து தலையைத் தூக்கினார். "அப்ப டீக்கடையில என்னப் பொண்டாட்டிதாசன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தது?"

"அது வேறங்க" என்றார் ரைட்டர். "அது நெசந்தானுங்களே."

அன்றைக்குக் கடையில் எழுந்த சிரிப்பைக் கேட்டு எதிர்ப் பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் விஷயம் போனது. அதற்குப் பிறகு ஒரு வாரம் ஒண்டிக்கடையில் பாதிப் பேர் மகளின் போனைச் சுற்றித்தான் நின்றார்கள். மிளகாய் பஜ்ஜி, பஸ் போர்டு, பங்குச்சாமியாரின் ரோஜாச் செடி என்று எல்லாவற்றையும் படம் பிடித்து, இவர் கண்ணில் எப்படி இருக்கும் என்று பார்த்தார்கள். பழக்கடைக்காரர் தன் ஆப்பிளை அந்தப் படத்தில் பார்த்துவிட்டு, "இத எப்படிங்க காசு குடுத்து வாங்கறீங்க?" என்று மெய்யாகவே வருத்தப்பட்டார். வருகிறவர் போகிறவர் எல்லாம் சட்டையைப் பிடித்துக் காட்டி, "இது என்ன கலருன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று கேட்க ஆரம்பித்ததும் இவருக்கு அலுத்துவிட்டது. கரெக்டாகத் தெரிகிற நீலத்தைக்கூட வேண்டுமென்றே ரோஸ் என்று சொல்லி அனுப்பினார். அவர்கள் அடைந்த ஆச்சரியத்தை ரகசியமாக ரசித்தார். கடைக்கு வருகிற கூட்டத்தில் ஒரு ஆள் குறையவில்லை.

மகள் கோயம்புத்தூர் போகும் முன் ஆல்பத்தைச் சரிசெய்ய உட்கார்ந்தோம். இப்போது கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு நாற்காலி. சிவப்பும் பச்சையும் என் பாடு, நீலமும் மஞ்சளும் அவர் பாடு. சண்டைக்குக் குறைவில்லை. இவ்வளவு நாள் வாயைக் கட்டிப்போட்டதற்கு வட்டியும் முதலுமாகப் பேசுகிறார். "கொறை... இன்னும் கொறை... போதும், நிறுத்து, நிறுத்து" என்று என் தோள்பக்கம் உட்கார்ந்து அதிகாரம் வேறு.

கடைசிப் பக்கம், கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் கரடியூர் வியூ பாயின்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்பது. அவர்களுக்குப் பின்னால் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நின்றன, எல்லாமே நீலம். மற்றப் பக்கங்களில் செய்ததுபோல நீலத்தைக் குறைக்கக் கையைக் கொண்டுபோனேன்.

"அது இருக்கட்டும்" என்றார்.

"இதுவும் தூக்கலாத்தானுங்க இருக்குது?"

"இல்ல. அன்னைக்குக் காலையில மலை இப்படித்தான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

நான் ஒரு கண்ணை மூடிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அங்கே இருந்தது அவர்தான், நான் கடையில் இருந்தேன். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.